பள்ளிக்கூட மராமத்தும் அங்கத்தினர் கண்காணிப்பும்

நம் சங்கத்தில் நூலை நிறுத்துக் கொடுக்கிறோம். நெய்து வந்த துணியையும் நிறுத்தே வாங்குகிறோம். நீளம், அகலம், அங்குலத்துக்கு எத்தனை இழை என்பவற்றையெல்லாம் பார்த்த பிறகே கூலி எழுதப்படுகிறது. கொள்முதலுக்கு வரும் நெல்லில் ஈரம் எவ்வளவு என்று பாராமல் எவரும் மூட்டையைத் தராசில் ஏற்றுவதில்லை. இவற்றை நெசவாளரோ விவசாயியோ தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருதுவதும் இல்லை. பலருடைய பொருள் ஓரிடத்தில் சேரும்போது கண்ணும் கணக்கும் உடன் இருக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம்.

ஆயினும், இதே அங்கத்தினர்களின் குழந்தைகள் படிக்கும் தொடக்கப்பள்ளியில் மராமத்து வேலை நடக்கும்போது நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? லாரியிலிருந்து மணல் இறங்கும்போது ஒரு முறை பார்க்கிறோம். வர்ணம் பூசித் திறப்பு விழாவுக்குப் பந்தல் போடும்போது மறுமுறை பார்க்கிறோம். நடுவே நடந்தது எவருக்கும் தெரியாது. நூல் கொடுத்த நாளும் சேலை விற்ற நாளும் மட்டுமே ஏட்டில் இருந்து, இடையில் தறி என்ற ஒன்றே இல்லாதது போன்ற நிலை இது.

கட்டட வேலையைப் பற்றிக் கூட்டுறவுப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. வேலையை அளந்து பணம் வழங்கப் பொறியாளர் இருக்கிறார். சங்கத்துக்கு இதில் என்ன ஜோலி? என் விடை சுருக்கமானது. சங்கத்தின் அங்கத்தினர் ஏட்டையும் பள்ளியின் வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெரும்பாலான கிராமங்களில் ஒரே குடும்பங்களின் பெயர்கள்தாம் இரண்டிலும் காணப்படும். அன்றியும், பலர் பொருளைச் சிலர் பொறுப்பில் ஒப்புவித்து, அதைத் தேதி போட்டு எழுதி வைத்து, ஆண்டுக்கொரு முறையேனும் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டும் பழக்கம் ஊரில் வேறெந்த அமைப்பையும்விடச் சங்கத்துக்கே அதிகம்.

இத்தகைய அக்கறை நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. 1958-ஆம் ஆண்டில், முதலமைச்சர் காமராஜ் அவர்களின் ஆதரவோடு, அப்போது பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடியது. பின்னர் மாவட்டந்தோறும் கூடிய இம்மாநாடுகளில் ஊரார் தம் பள்ளிக்கு வேண்டியவற்றைத் தாமே பட்டியலிட்டு, தாமே கொடுத்தார்கள். பணம் கொடுத்தவர் உண்டு. பெஞ்சு, கரும்பலகை, சிலேட்டு கொடுத்தவர் உண்டு. கட்டடமே கட்டிக் கொடுத்தவரும் உண்டு. கொடுத்தவர் தாம் கொடுத்த பெஞ்சின் கால் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்திருப்பார் என்று ஊகிப்பதில் தவறில்லை.

இன்று பள்ளிக்கட்டடத்துக்கு வரும் பணத்தின் அளவு வேறு. 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றுக்கே ஐந்தாண்டுகளில் ரூ. 7,000 கோடி என்று மதிப்பிடப்பட்டது. இது மகிழத்தக்கதே. அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்கிறது. ஆனால் பணம் ஊரிலிருந்து வராமல் கருவூலத்திலிருந்து வரத் தொடங்கியதும், ஊராரின் கண்ணும் பள்ளியிலிருந்து விலகிவிட்டது. கருவூலத்துப் பணமும் நம் பணமே என்பதை நூல் மூட்டைக்கும் உர மூட்டைக்கும் வரி கட்டுகிறவர்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை.

கண் விலகினால் என்ன நேரும் என்பதற்குத் துயரமான சாட்சிகள் உள்ளன. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். முதலாவதற்குப் பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்றும் வேலை தொடங்கியது. இரண்டாவதற்குப் பின் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள். நல்லதே. ஆனால் இடித்த இடத்தில் புதியது எழும் வரையில், அல்லது பழையது செப்பனிடப்படும் வரையில், குழந்தைகள் எங்கே உட்காருவது? மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் வாடகை வீட்டிலும் பல இடங்களில் வகுப்புகள் நடந்தன. ஆகவே கட்டடம் உறுதியாக இருப்பது எவ்வளவு முக்கியமோ, வேலை காலத்தில் முடிவதும் அவ்வளவு முக்கியம்.

என் சரகத்தைச் சேர்ந்த ஒரு நெசவாளர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் மேல்தளம் ஒழுகியது; உட்பக்கம் காரை பெயர்ந்து விழுந்தது. மராமத்துக்குப் பணம் அனுமதியாயிற்று. இரண்டு மாதத்தில் முடியும் என்றார்கள். சங்கத்தார் பெருந்தன்மையுடன் தம் கூட்ட மண்டபத்தை வகுப்புகளுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியைகள். துணி எடுக்கும் நாட்களில் நெசவாளர்கள் வந்து நிற்க இடம் வேண்டுமாகையால், அன்று முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளுக்கு விடுமுறை. இரண்டு மாதம் என்பது பத்து மாதமாயிற்று. ஐந்து வயதில் எழுத்தறிய வந்த குழந்தை ஒன்று, தன் முதலாம் வகுப்பு முழுவதையும் இன்னொரு வகுப்பின் வாய்ப்பாட்டுச் சப்தத்துக்கு நடுவே கழித்தது.

ஏன் தாமதம் என்று நான் அவ்வூரில் விசாரித்தேன். கண்டிராக்டர் வேறு வேலைக்கு ஆட்களைக் கொண்டுபோய்விட்டார் என்றார் ஒருவர். முதல் பில் தொகை வரவில்லை, அவர் என்ன செய்வார் என்றார் மற்றொருவர். மழை என்றார் மூன்றாமவர். மூன்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் வேலை எந்தத் தேதியில் நின்றது என்று கேட்டபோது ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எந்தத் தறியில் எந்த நாள் பாவு ஏறியது என்பதை ஏட்டைப் புரட்டாமலே சொல்லக்கூடிய சங்கச் செயலாளராலும் அதைச் சொல்ல இயலவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சிலர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் முறையிட்டபோது, "எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது? எந்த வேலை வரையில் முடிந்தது?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். கேட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேதியும் அளவும் இல்லாத புகார் வெறும் மனத்தாங்கலாகவே முடிகிறது. கண்டிராக்டருக்கு உண்மையிலேயே பில் தொகை வரவில்லை என்றால், ஊரார் அவரைத் திட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் போயிற்று.

வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்டால், "எண்பது சதவீதம்" என்ற விடை வருகிறது. எதில் எண்பது? செலவான பணத்திலா, கழிந்த நாட்களிலா, வந்திறங்கிய சாமானிலா? நெசவாளரிடம் சேலை எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் படமரத்தில் சுற்றியிருப்பதைப் பார்த்து இத்தனை முழம் என்பார். பாவு தோய்த்து, ஏற்றி, இழை பிணைத்து வைத்திருப்பதும் கடினமான வேலையே. ஆயினும் அதை அவர் துணியில் சேர்ப்பதில்லை. பள்ளிக்கும் இப்படியொரு முழக்கணக்கு வேண்டும். நாளைக் காலையில் எத்தனை அறைகளில் குழந்தைகளை உட்கார வைக்கலாம்? தளம் ஒழுகாமல், கதவு தாழ் விழும்படியாக, விளக்கும் விசிறியும் இயங்கும்படியாக எத்தனை அறைகள் உள்ளன? இதுவே கணக்கு. நான்கு அறைகளிலும் எண்பது சதவீத வேலை முடிந்திருந்தால் குழந்தைகளுக்குக் கிடைத்தது பூஜ்யமே. அதே வேலையை முதலில் இரண்டு அறைகளில் முழுமையாகவும், பிறகு மற்ற இரண்டில் முழுமையாகவும் செய்தால் பாதிப் பள்ளியாவது பாதிக் காலத்தில் திரும்பக் கிடைக்கும். கண்டிராக்டருக்கு நான்கு அறையிலும் ஒரே சமயத்தில் பூச்சு வேலை பார்ப்பது சௌகரியம். சாரத்தையும் ஆட்களையும் ஒரே முறை கொண்டுவந்தால் போதும். வேலை தொடங்குவதற்கு முன்பே இதை ஊரார் கேட்டுக்கொண்டால், மறுப்பவர் அதிகம் இருக்க மாட்டார்கள். தொடங்கிய பின் கேட்டால் காரியம் ஆகாது.

இனி, எப்போது பார்ப்பது என்பதே இக்கட்டுரையின் முக்கியமான விஷயம். கட்டட வேலையில் ஒவ்வொரு கட்டமும் அதற்கு முந்திய கட்டத்தை மூடிவிடுகிறது. கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது; சுவரைப் பூச்சு மூடுகிறது; பூச்சை வர்ணம் மூடுகிறது. மூடிய பிறகு பார்ப்பவர் வர்ணத்தை மட்டுமே பார்க்கிறார். ஆகவே, மூடுவதற்கு முன் பார்ப்பது ஒன்றே பார்வை. நூறு பேர் திறப்பு விழாவில் பார்ப்பதைக் காட்டிலும், கான்கிரீட் போடும் நாளின் காலையில் ஒருவர் அரைமணி நேரம் பார்ப்பது மேல்.

நம் பள்ளிகளில் பெரும்பாலான மராமத்து மேல்தளத்தைப் பற்றியது. எனவே அதைச் சற்று விரிவாகச் சொல்லலாம். தளத்தின் மேலே நீர் தேங்கி, விரிசல் வழியே கீழிறங்கி, கம்பியை அடைகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் தன்மையுடையது. அது தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. வகுப்பறையில் குழந்தையின் தலைமேல் விழுவது இதுவே. ஆகவே நோய் மேலே இருக்கிறது. அதன் அடையாளம் கீழே தெரிகிறது. மராமத்தை மேலிருந்து தொடங்க வேண்டும். மேலே ஒழுக்கை நிறுத்தாமல் உட்பக்கம் பூசி வர்ணம் அடித்தால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. ஆயினும் உட்பூச்சே முதலில் நடப்பதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவது அதுதான் அல்லவா!

மேல்தளத்தில் பழைய தட்டோடுகளையும், அவற்றின் அடியிலுள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரையையும் முழுதும் எடுத்தார்களா, அல்லது உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றினார்களா என்று பார்க்க வேண்டும். மதிப்பீட்டில் எது எழுதியிருக்கிறதோ அது நடக்கிறதா என்பதே கேள்வி. புதிய காரை போட்டதும், தண்ணீர் வடிகுழாயை நோக்கி வாட்டம் இருக்கிறதா என்பதை ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியே தெரிந்துகொள்ளலாம். ஓடு பதிக்கும் முன் தளத்தில் பாத்தி கட்டி ஒரு நாள் முழுதும் தண்ணீர் நிறுத்தி, உட்பக்கம் கசிவு உண்டா என்று பார்த்துவிட்டால் அடுத்த மழைக்காலம் வரையில் காத்திருந்து ஏமாற வேண்டியதில்லை. பாத்தி கட்டும் கலையில் நம் விவசாய அங்கத்தினர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம்.

உட்பக்கத்தில் பெயர்ந்த இடத்தை எப்படிச் செப்பனிடுகிறார்கள் என்பது அடுத்தது. சுத்தியலின் பிடியால் தளத்தை மெல்லத் தட்டினால், பிரிந்து நிற்கும் இடத்தில் பொள்ளென்ற சப்தம் கேட்கும். அவ்விடங்களையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் போக்கி, துரு தடுக்கும் பூச்சிட்டு, அதன் பிறகே கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி பெருமளவு தேய்ந்திருந்தால் பொறியாளர் பார்த்துப் புதுக் கம்பி சேர்க்கச் சொல்ல வேண்டும். துருவின் மேலேயே சிமெண்டைப் பூசிவிட்டால் அன்று அழகாக இருக்கும்; உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். பூசிய பிறகு இவ்விரண்டுக்கும் வேற்றுமை காண எவராலும் இயலாது.

புதிதாகத் தளமோ உத்தரமோ போட நேர்ந்தால், கான்கிரீட் கொட்டுவதற்கு முன் கம்பிகளின் பருமன், இடைவெளி ஆகியவற்றை வரைபடத்தோடு டேப் வைத்து ஒப்பிடலாம். கம்பி பலகையைத் தொடாமல் இருக்க அடியில் சிறு சிமெண்டுக் கட்டைகள் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. கலவையை வேலையிடத்திலேயே போடுவதானால், 50 கிலோ சிமெண்டு மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர் இடம் கொள்ளும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஒன்றரை பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்று மதிப்பீட்டில் இருந்தால், அந்த அளவுள்ள பெட்டியால் அளந்து போட வேண்டும். சட்டியில் குவித்துப் போடும்போது சிமெண்டு பங்கு சத்தமில்லாமல் குறைகிறது. தண்ணீரும் அப்படியே. அந்தக் கலவைக்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது என்று இந்தியத் தர விதி கூறுகிறது. 15 லிட்டர்க் குடமானால் இரண்டு குடம். கலவை தளர்ந்திருந்தால் ஆட்களுக்குக் கை நோகாது; கட்டடத்துக்குத்தான் நோகும்.

போட்ட பின் தண்ணீர் விடுவதில்தான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. வெயிலும் வறட்சியும் உள்ள நம் கோடையில் குறைந்தது 10 நாட்கள் கான்கிரீட் ஈரமாகவே இருக்க வேண்டும். இதற்குப் பணம் அதிகம் வேண்டாம், ஆள் வேண்டும். கொத்தனார் போய்விடுவார், சித்தாள் போய்விடுவார், காலை மாலை தண்ணீர் காட்ட அங்கே ஒருவரும் இருக்க மாட்டார். முட்டுக் கொடுத்த கம்புகளை எடுப்பதிலும் அவசரம் உண்டு. நாலரை மீட்டர் வரையில் அகலமுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்குக் குறைந்தது 14 நாட்களும் முட்டு நிற்க வேண்டும். வாடகைச் சாமான் என்பதால் சீக்கிரம் கழற்ற ஆசை வரும். கான்கிரீட் போட்ட தேதியைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்துவிட்டால் போதும். எவரும் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். சிமெண்டு மூட்டையின் மேல் அது தயாரான வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சரக்கு வலுக் குறைந்தது. நடக்க இயலாத குழந்தைகளுக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும். ஒன்றரை அடி உயரத் திண்ணைக்கு 18 அடி. ஆறடியில் செங்குத்தாகக் கட்டி முடித்த சாய்தளங்களைப் பார்க்கும்போது, அதில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்பது விளங்கும். கழிப்பறையைப் பொறுத்தவரை, ஓடு ஒட்டியதை வேலையின் முடிவாகக் கொள்ளாமல், குழாயில் தண்ணீர் வந்து, அது வெளியேறவும் வழி இருந்தால்தான் முடிவு என்று எழுத வேண்டும்.

இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு யார்? பொறியாளர் நாள்தோறும் வர இயலாது. அவருக்குப் பல ஊர்களில் வேலைகள் உண்டு. நெசவாளருக்கோ வீடே தொழிற்கூடம். பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் காலை முதல் மாலை வரையில் இருப்பவர் அவர். பிள்ளையைக் கொண்டுவிடவும் அழைத்துப் போகவும் தினம் இரண்டு முறை அவ்வழியே நடக்கிறவர்கள் தாய்மார்கள். மணலையும் மண்ணையும் கையில் எடுத்துத் தேய்த்தே தரம் சொல்லக்கூடியவர்கள் விவசாயிகள். கொத்து வேலை தெரிந்த அங்கத்தினர் ஒருவராவது இல்லாத சங்கம் இருக்க முடியாது. இவர்களில் மூவர் முறை வைத்துப் பார்த்து, நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் தினம் இரண்டு வரி எழுதினால் போதும். வேலைக்கு வந்த ஆட்கள் எத்தனை பேர், நடந்த வேலை எது, வந்த சாமான் என்ன, வேலை இல்லையென்றால் ஏன் இல்லை. கைப்பேசியில் படம் எடுப்பவர்கள், மூடுவதற்கு முன் டேப்பை வைத்து எடுக்கட்டும். மாலை போட்ட கட்டடத்தின் படத்தால் யாருக்கும் பயனில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பார்ப்பவர் எழுதலாம், கொத்தனாருக்கு உத்தரவிடக் கூடாது. கலவையை மாற்று, கம்பியைக் கூட்டு என்று ஊரார் ஆளுக்கொன்று சொல்லத் தொடங்கினால், பின்னால் கட்டடத்தில் கோளாறு வரும்போது பொறுப்பு ஊரார் மேல் விழும். சந்தேகம் தோன்றினால் குறிப்பேட்டில் எழுதித் தலைமையாசிரியர் வழியாகவும் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவும் பொறியாளருக்குத் தெரிவிப்பதே முறை. இக்குழு அலங்காரத்துக்கு ஏற்பட்டதன்று. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எவ்வாறு செலவாகிறது என்பதைக் கண்காணிப்பது அச்சட்டமே அதற்கு விதித்த வேலை. நம் அங்கத்தினர் குடும்பத்துப் பெண்கள் பலர் அதில் இருக்கிறார்கள். கூட்ட நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டு வருகிறார்கள்.

மதிப்பீட்டின் நகல் கொடுக்க மறுத்தால் அதற்கும் வழி உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் காகிதங்களைக் கேட்கும் உரிமையை மட்டும் தரவில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் அது இடம் தருகிறது. 10 ரூபாய்க் கட்டணம். 30 நாட்களுக்குள் விடை. பலருக்கு இது தெரியாது. ஆனால் முதல் நாளே மனுவை நீட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதலில் நேரில் சென்று மரியாதையாகக் கேட்க வேண்டும். பெரும்பாலான பொறியாளர்கள் கொடுத்துவிடுவார்கள். ஊராரில் ஒருவர் அக்கறையோடு கேட்கிறாரே என்று மகிழ்பவர்களும் உண்டு.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்டிராக்டர் அநேகமாக நம் ஊர் மாப்பிள்ளையாகவோ, சங்க நிர்வாகஸ்தர் ஒருவரின் பங்காளியாகவோ இருப்பார். "அண்ணன் மகன் செய்கிற வேலையில் போய் டேப் பிடிப்பதா?" என்ற கூச்சம் எழும். இக்கூச்சத்தை நான் இகழவில்லை; ஒரே தெருவில் வாழ வேண்டியவர்களுக்கு அது இயற்கை. ஆனால் அதே அண்ணன் மகன் சங்கத்தில் துணி கொண்டுவந்து போடும்போது எடை பார்க்காமல் விடுகிறோமா? அங்கே தராசு பொதுவாக இருப்பதால் உறவு கெடுவதில்லை. இங்கும் குறிப்பேட்டைப் பொதுவில் வைத்து, நல்ல வேலை நடந்த நாளையும் எழுதினால் மனக்கசப்புக்கு இடம் குறையும். கண்டிராக்டருக்கே அது துணையாகும். பில் தொகை தாமதமானதும் மணல் கிடைக்காததும் அதில் இருக்கும் அல்லவா? நிர்வாகக் குழுவில் உள்ளவரே வேலையை எடுத்திருந்தால் மட்டும், அவர் குடும்பத்தார் எவரும் குறிப்பேட்டைத் தொடாமல் இருப்பது நலம். இன்னொன்று, கண்காணிப்பவர் என்ற பெயரால் கண்டிராக்டரிடம் டீச்செலவு வாங்கத் தொடங்குகிறவர்களும் உண்டு. அத்தகையவரைவிடக் கண்காணிப்பே இல்லாமல் இருப்பது குறைந்த தீமை.

சங்கமே பணம் கொடுக்கும் சந்தர்ப்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணைவிதிகள் இடம் தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து பள்ளிக்கு நன்கொடை வழங்கும் சங்கங்கள் உண்டு. காசோலையை மேடையில் ஒரே தவணையாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பயிர்க்கடனைத் தவணை பார்த்துக் கொடுக்கத் தெரிந்த நாம் இதையும் அவ்வாறே கொடுக்கலாம். மேல்தளத்தில் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகு ஒரு பகுதி, முதல் இரண்டு அறைகளில் குழந்தைகள் உட்கார்ந்த பிறகு ஒரு பகுதி, ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு மீதி. கடைசித் தவணை சிறிதாக இருந்தாலும் சரி, மழைக்குப் பின் இருக்கட்டும்.

காலத்தைப் பற்றி யோசித்தால் ஏற்பாடுகளை முன்னதாகவே தொடங்க வேண்டும். பள்ளி மூடியிருப்பது மே மாதம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மே மாதத்தில் மேல்தளத்தைத் திறந்தால் ஜூன் மாதத்தில் மூடலாம். ஆகஸ்டில் திறந்தால் மழைக்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபையிலேயே பள்ளி மராமத்தைப் பற்றிப் பிரஸ்தாபித்து, பணம் அனுமதியாகிவிட்டதா, வேலை உத்தரவு யாருக்கு, தொடங்கும் தேதி எது, முடியும் தேதி எது என்று கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் ஏற்றிவிட வேண்டும். வேலை உத்தரவின் நகலொன்றை வாங்கி, சங்க அலுவலக வாசலில் நூல் விலைப் பட்டியல் ஒட்டும் பலகையில், அதன் பக்கத்திலேயே ஒட்டலாம். துணி கொண்டுவருகிறவர்கள் எப்படியும் அந்தப் பலகையைப் பார்க்காமல் உள்ளே வருவதில்லை.